பனிப் புத்தகமும் ஒரு வண்டி ஐஸும்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராயபுரத்தில் மாதா கோவில் ஒன்றை ஒட்டியிருந்த ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். அதுதான் என் முதல் வேலை. சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பயிற்சிப் பள்ளியில் படித்ததெல்லாம் அப்படியே நினைவில் இருந்தது. ஆனால் ஐஸ் கம்பெனியிலும் துறைமுகத்திலும் வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகள் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசும்போது அதெல்லாம் காதில் விழாமல் போய்விடும் என்பதையும் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து போன பிறகு, பிள்ளைகள் பாடப்புத்தகம் மட்டும் படித்தால் போதாது, வாரத்தில் ஒரு பீரியட் கதைப்புத்தகம் வாசிக்க வைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சரி, புத்தகத்தை யார் போய்ப் பார்த்து எடுத்து வருவது? ஆசிரியர்கள் அறையில் இந்தக் கேள்வி எழுந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வயதில் சின்னவள், கல்யாணம் ஆகாதவள், சாயங்காலம் வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்ட வேண்டாதவள். நான் உள்ளுக்குள் துள்ளிக் குதித்தேன். வெளியே மட்டும், "நானா? சரி, பாக்கறேன்" என்று சலித்துக்கொள்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

எங்கள் தலைமை ஆசிரியையைப் பெரிய சிஸ்டர் என்போம். உயரமானவர். அவர் வருவதற்கு முன்பே இடுப்பில் தொங்கும் ஜெபமாலையின் சத்தம் வந்துவிடும். அந்தச் சத்தத்துக்கே இரண்டு வகுப்புகள் அடங்கிவிடும். பேசுவது அச்சடித்த மாதிரி சுத்தத் தமிழ். அவருக்கு எந்த ஊர், அப்பா அம்மா யார், இதெல்லாம் எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

"நல்ல புத்தகமாகப் பார்த்து எடுத்து வாருங்கள். பேய், பிசாசு வேண்டாம். திருடன் ஜெயிக்கிற கதையும் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினார்.

யானைக்கவுனியில் நோட்டுப் புத்தகம் மொத்த வியாபாரம் செய்கிற அண்ணாச்சி ஒருவரிடம்தான் எங்கள் பள்ளிக்குச் சாக்பீஸிலிருந்து வருகைப் பதிவேடு வரை எல்லாம் வரும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடைக்குப் பின்னால் ஒரு நீளமான கோடவுன். காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஒருவர் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். கடைசிச் சுவர் ஓரத்தில் கதைப்புத்தகங்கள் அடுக்கி வைத்திருந்தார். விற்காத சரக்கு என்பது அவற்றின் மேல் படிந்திருந்த தூசியிலேயே தெரிந்தது.

"எத்தனை வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க டீச்சரம்மா. பள்ளிக்கூடத்துல வச்சுப் பாருங்க. பிடிக்காததைத் திருப்பிக் கொண்டாங்க. நம்ம பள்ளிக்கூடம்லா, எங்க போயிரப் போகுது" என்றார்.

தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் கண்ணுக்கு அழகாக இருந்ததையெல்லாம் எடுத்தேன். பிறகு என் வகுப்பை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். எழுத்து பொடியாக இருந்தால் கடைசி பெஞ்சுக்காரர்கள் தூங்கிவிடுவார்கள். ஒரு பீரியடில் முடியாத கதை என்றால் அடுத்த வாரம் பாதிப் பேருக்கு முன்கதை மறந்திருக்கும். முதல் வரியிலேயே "குழந்தைகளே, பொய் சொல்லக் கூடாது" என்று ஆரம்பிக்கிற புத்தகங்கள்தான் அங்கே அதிகம். அவற்றை வாய்க்குள் வாசித்துப் பார்த்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லோரும் சேர்ந்து கத்துவதற்கு ஒரு வார்த்தையாவது இருக்கிற கதையாக, நாலு பேரை எழுப்பி நடிக்க வைக்கிற மாதிரிக் கதையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்தபோது நான் ஒரு நரியின் குரலில் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு சோடா வரவழைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுக்கின் அடியில் ஒரு புத்தகம் கிடைத்தது. வெளிநாட்டில் தமிழிலேயே அச்சிட்டு வந்தது. வழவழப்பான தாள். பக்கம் முழுக்கப் படங்கள். பனி மூடிய ஒரு மலைக் கிராமம். ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் பனி எல்லா வீட்டுக் கதவையும் அடைத்துவிட்டிருக்கிறது. தபால்காரர் ஊருக்கு வெளியே மாட்டிக்கொள்கிறார். ஒரு சின்னப் பெண் ஜன்னல் வழியாகக் குதித்து வெளியே வந்து, வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் கூப்பிட, ஊரே சேர்ந்து "தள்ளு தள்ளு" என்று பனியைத் தள்ளிப் பாதை போட்டு அவரை உள்ளே அழைத்து வருகிறது. அவ்வளவுதான் கதை. புத்திமதி கிடையாது. கடைசிப் படத்தில் தபால்காரர் மீசையில் பனியோடு கஞ்சி குடிக்கிறார். அந்த மீசைக்காகவே அதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய சிஸ்டர் மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலதுபக்கம் வைத்தால் வேண்டும். இடதுபக்கம் வைத்தால் வேண்டாம். நரி வலதுபக்கம் போனது. இரண்டு குரங்குகளும் ஒரு பானையும் வருகிற கதை வலதுபக்கம் போனது. எனக்கு மூச்சு வந்தது. பனிப் புத்தகத்தை மட்டும் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு இடதுபக்கம் வைத்தார்.

"ஏன் சிஸ்டர்?"

"பனி, கம்பளிச் சட்டை, குளிர் காயச் சுவருக்குள் எரியும் கணப்பு. இவற்றில் எதையாவது நம் பிள்ளைகள் கண்ணால் கண்டிருக்கிறார்களா?"

"சிங்கத்தையும்தான் கண்டதில்லை சிஸ்டர்."

"சிங்கம் சர்க்கஸில் வரும்" என்றார்.

திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாசித்துவிடுவோம் என்று அந்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பனிப் புத்தகத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அது வெயில் ஏறத் தொடங்கியிருந்த மாதம். ஓடு வேய்ந்த வகுப்பறை. பிள்ளைகள் சிலேட்டை விசிறியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் முதல் பக்கத்தை வாசித்தேன். "இரவெல்லாம் பனி பெய்தது. காலையில் பனி கதவை மூடிவிட்டது."

முதல் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். ஐஸ் வண்டி ஓட்டுகிறவரின் மகள். எந்த விஷயத்தையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடமாட்டாள்.

"பனி எப்டி டீச்சர் கதவ மூடும்? மார்கழி மாசம் எங்க வூட்டாண்டகூட பனி பெய்யுது. துணியால தொடச்சா போய்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளைகளுக்குப் பனி என்றால், விடியற்காலையில் எதற்குப் பயந்து அம்மா தலையில் துண்டைக் கட்டிவிடுவாளோ, அந்தப் பனிதான்.

"இது அந்தப் பனி இல்லம்மா. இது கெட்டியா, வெள்ளையா, மாவு மாதிரி விழும்."

"கோலமாவா டீச்சர்?"

"மைதா மாவு! பசை காச்சறதுக்கு எங்கம்மா வச்சிருக்கும்!"

"மாவு மாதிரிதான். ஆனா தொட்டா சில்லுனு இருக்கும். அமுக்கினா பந்து மாதிரி ஆயிடும்."

"நீங்க தொட்டுப் பாத்துகீறீங்களா டீச்சர்?" என்று கேட்டாள் ஐஸ்காரர் மகள்.

"இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஆனாலும் கதை அவர்களைப் பிடித்துக்கொண்டது. "தள்ளு தள்ளு" வந்த இடத்தில் நான் வாசித்ததை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. பாரம் தள்ளும்போது துறைமுகத்தில் அவர்கள் அப்பாக்கள் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொல்லவேண்டும் என்று முடிவாகி, ஐம்பது தொண்டையும் "ஐலசா! ஐலசா!" என்று கத்தியது. மணி அடித்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வாசிக்கிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். புத்தகத்தை என் மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு, திருப்புகிற கட்டோடு அனுப்பாமல் ஒரு வாரத்தை ஓட்டினேன்.

ஐஸ்காரர் மகள் மட்டும் போகும்போது, "எங்க நைனா கைல சொல்றேன் டீச்சர்" என்றாள். எதைச் சொல்லப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. காக்கி நிஜார் போட்ட ஒரு மனிதர், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, சத்தம் போடாமல் உள்ளே வந்தார். வண்டியில் சாக்கு போட்டு மூடிய ஐஸ் பாரும், கூடை கூடையாக உடைத்த ஐஸும். வாட்ச்மேன் என் வகுப்புக்கு அழைத்து வந்தார்.

"டீச்சர், நான்தான் அந்தப் பாப்பாவோட நைனா" என்றார். குரல் கம்மியிருந்தது. "பள்ளிக்கோடத்துக்கு ஐஸ் வோணும்னு பாப்பா சொல்லிச்சு. இன்னாத்துக்குனு கேட்டா ஒண்ணும் பிரியிறமாரி சொல்லல. நான் வண்டிய இட்டாந்துட்டேன். எப்போ டீச்சர் ஆச்சு?"

"என்ன எப்போ ஆச்சு?"

அவர் கொஞ்சம் கிட்டே வந்து, "பெரிய சிஸ்டர்தானே?" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. எங்கள் பக்கத்தில் மீனுக்குத் தவிர ஐஸ் எதற்கு வாங்குவார்கள்? வீட்டில் சாவு விழுந்தால், வெளியூர்ச் சொந்தம் வந்து சேரும்வரை வைத்திருப்பதற்கு. பள்ளிக்கூடத்தில் இருந்து ஐஸ் கேட்டார்கள் என்றதும் அந்த மனிதர் கணக்குப் போட்டு, வயதில் மூத்தவர் பெரிய சிஸ்டர்தான் என்று முடிவுகட்டி, வேறு லோடை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

"ஐயோ, இல்லீங்க! சிஸ்டர் நல்லா இருக்காங்க!"

"மெய்யாலுமா? நல்லா கீறாங்களா?" அவர் முகம் பிரகாசமானது. உடனே வாடியது. "அடடா, நான் டீக்கடையாண்ட ரெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேனே!"

வாசலைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கோவில் வாசலில் பூ விற்கும் அம்மா கையில் ஒரு பெரிய சம்பங்கி மாலையோடு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் அவர்களிடம் ஓடுவதற்குள் வகுப்பு என்னை முந்திக்கொண்டது. ஐஸ்காரர் மகள், "பனி வந்துச்சி! டீச்சர், பனி வந்துச்சி!" என்று கத்த, ஐம்பது பேரும் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். இனி தடுத்துப் பயனில்லை. நானும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவள் அப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். பெரிய சிஸ்டர் உயிரோடு இருக்கிற சந்தோஷத்தில் அவர் எதற்கும் தயாராக இருந்தார். முற்றத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கூடைகளைக் கவிழ்த்தார். சாக்குக்குள் ஐஸ் பாரை வைத்துக் கட்டையால் அடித்துத் தூளாக்கி மேலே கொட்டினார். வெள்ளை வெளேரென்று இடுப்பளவுக் குவியல். அதிலிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது.

பிள்ளைகள் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள். பிறகு ஒருவன் விரல் நீட்டித் தொட்டான். அவ்வளவுதான்.

இரண்டு பெஞ்சுகளைக் கவிழ்த்து வீடாக்கினோம். ஐஸைக் கதவுக்கு அணை கட்டினோம். ஐஸ்காரர் காக்கி நிஜார் போட்டிருந்ததால் அவர்தான் தபால்காரர் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே குவியலுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, மீசையில் கொஞ்சம் ஐஸ் தூளைத் தானாகவே ஒட்டிக்கொண்டார். நான் வாசித்தேன். "பனி கதவை மூடிவிட்டது." இந்தத் தடவை யாரும் கேள்வி கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து குதிக்கிற பெண்ணாக அவர் மகள் குதித்தாள். "ஐலசா! ஐலசா!" என்று ஐம்பது ஜோடிக் கைகள் பனியைத் தள்ளின. வாசலில் துக்கம் கேட்க வந்தவர்களும் உள்ளே வந்து ஐலசா போட்டார்கள்.

பாதை திறந்து தபால்காரர் உள்ளே வந்ததும் கதை முடிந்தது. ஆனால் ஐஸ் மிச்சம் இருந்தது. யார் முதல் உருண்டையை எறிந்தார்கள் என்று தெரியவில்லை. ஒரு நிமிஷத்தில் முற்றம் முழுக்க உருண்டைகள் பறந்தன. என் ஜாக்கெட் முதுகுக்குள் ஒன்று இறங்கியது. நானும் ஒன்று பிடித்து எறிந்தேன். அது குறி தவறி, வராந்தா தூணைத் தாண்டி, அப்போதுதான் ஜெபமாலைச் சத்தத்தோடு மூலை திரும்பிய பெரிய சிஸ்டரின் வெள்ளை முக்காட்டில் போய் விழுந்து உடைந்தது.

எல்லாச் சத்தமும் அறுந்தது. ஐஸ் உருகிச் சொட்டுவது கேட்டது.

சிஸ்டர் முக்காட்டிலிருந்து ஒரு துண்டு ஐஸைக் கையில் எடுத்தார். என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். அப்புறம் நாங்கள் யாரும் அதுவரை கேட்டிராத ஒரு தமிழில் பேசினார்.

"ஏ மக்கா, இது நெய்மீன் கெடந்த கூடையாக்கும்!"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஐஸ்காரர் மகள்தான் முன்னால் வந்தாள். "இன்னா சிஸ்டர்? நெய்யில செஞ்ச மீனா?"

"நெய்யில செஞ்சதில்ல பிள்ளே. நெய்மீன். இந்தா, இத்தன நீளம் இருக்கும். முள்ளு கொறவு. எனக்க அப்பா தூண்டில் போட்டுப் பிடிப்பாரு."

ஐஸ்காரர் கூடையைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "வஞ்சிரம்மா அது! காலைல வஞ்சிரம் ஏத்தினு போனேன். கரீட்டா சொல்லிட்டாங்க!" என்றார்.

"வஞ்சிரமா சொல்லுவீங்க இங்க? நம்ம ஊர்ல நெய்மீன்" என்றார் சிஸ்டர். கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு மீனவக் குடும்பத்துப் பெண் அவர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நடுமுற்றத்தில், ஈர முக்காட்டோடு, ஊரில் எந்த மீனுக்கு என்ன பெயர் என்று பிள்ளைகள் கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களும் பதிலுக்கு இங்கத்துப் பெயரைச் சொன்னார்கள். சங்கரா மீனில் பெரிய சண்டையே வந்தது.

நடுவில் அவர் கண் பூக்கார அம்மாவின் மேல் விழுந்தது. "இந்த மாலை யாருக்கு?"

பூக்கார அம்மா கண் இமைக்காமல், "மாதாவுக்கு சிஸ்டர்" என்றார்.

அதற்குள் மற்ற வகுப்புகளின் ஜன்னல் கம்பிகளுக்குள் முகங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. சிஸ்டர் குவியலைப் பார்த்தார். ஓரங்களில் உருகி ஓடத் தொடங்கியிருந்தது. வாட்ச்மேனைப் பார்த்து, "மணி அடியுங்கள். எல்லா வகுப்பையும் விடுங்கள். உருகுவதற்குள் வரட்டும்" என்றார்.

அன்று சாயங்காலம் முற்றம் குளமாகி, பள்ளியே மீன் வாடை அடித்தது. பிள்ளைகள் கை விறைத்து, உதடு நீலமாகி, வெயிலில் நின்று காய்ந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். நான் புத்தகத்தைத் துடைத்துக்கொண்டு சிஸ்டர் அறைக்குப் போனேன். மன்னிப்பு கேட்பதற்கு வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். அவர் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி வலதுபக்கத்து அடுக்கின் மேல் வைத்தார்.

"மற்ற வகுப்புகளுக்கும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஐஸ் மட்டும் வேண்டாம்" என்றார். நான் வாசல்வரை போன பிறகு, "டீச்சர்" என்று கூப்பிட்டார். "அந்த மாலை மாதாவுக்கு இல்லை என்று எனக்குத் தெரியும்." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்து, வாயை முக்காட்டு ஓரத்தால் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு வாசிப்பு பீரியட் வேறு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை நாலு நாலு பேராக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு பக்கமாக வாசிக்கச் சொன்னேன். எந்தப் புத்தகத்துக்கு அடிதடி நடக்கிறது, எது யார் கையும் படாமல் கிடக்கிறது என்பதை மட்டும் கவனித்தேன். இன்ஸ்பெக்டரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக 'பொய் சொல்லக் கூடாது' வகைப் புத்தகம் ஒன்றையும் எடுத்திருந்தோம். கோடை விடுமுறை வரை அதன் அட்டைகூட அழுக்காகவில்லை. நரிக் கதை இரண்டே மாதத்தில் முதுகு கிழிந்தது. எழுத்துக்கூட்டித் திணறுகிறவர்கள்கூட ஐலசா வருகிற பக்கத்தை மனப்பாடமாக, விரலை எழுத்துகளின் மேல் வைத்துக்கொண்டு, வாசிப்பதுபோலவே சொன்னார்கள். சொல்லிச் சொல்லியே சில பேருக்கு நிஜமாகவே வாசிக்க வந்துவிட்டது.

அடுத்த வருஷம் பள்ளி திறந்ததும் புத்தகம் வாங்கப் போக நான் கிளம்பியபோது, பெரிய சிஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு, "நானும் வருகிறேன்" என்றார். இருவரும் ரிக்‌ஷாவில் யானைக்கவுனிக்குப் போனோம். சிஸ்டர் வந்திருப்பதைப் பார்த்து அண்ணாச்சி பதறிப்போய் நாற்காலியைத் துடைத்தார். சிஸ்டர் நாற்காலியில் உட்காரவில்லை. பக்கவாட்டில் நடந்து கோடவுனின் கடைசிச் சுவருக்குப் போய், ஒரு காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து, கையில் கிடைத்த முதல் புத்தகத்தைத் திறந்தார். ஒரு கழுதை சந்தைக்குப் போகிற கதை. கொஞ்ச நேரத்தில் அவர் தோள் குலுங்கியது. சத்தமாகவே சிரித்துவிட்டார்.

"நேரமாகுதே சிஸ்டர், மத்த புத்தகத்தையும் பாக்கணுமே" என்றேன்.

"கொஞ்சம் பொறு பிள்ளே" என்று பக்கத்தைப் புரட்டினார். "கழுதை இன்னும் சந்தைக்குப் போய்ச் சேரல்லே."